ஐ.க்யூ. 75 என்றால் எதில் 75?

உளவியல் சோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஐ.க்யூ. (நுண்ணறிவு ஈவு) என்று ஓர் எண் இருக்கும். வேலூர்ப் பக்கம் பாகாயத்திலோ அடுக்கம்பாறையிலோ உள்ள மருத்துவமனையில் பிள்ளையைக் காட்டிவிட்டு வரும் பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான். 75 என்று இருந்தால், நூற்றுக்கு 75, நல்ல மார்க்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. மூளையில் கால்வாசி குறைகிறது என்று எடுத்துக்கொண்டு இடிந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. ஐ.க்யூ.வில் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கே கிடையாது. ஒரே வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் இந்தப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சொல்லும் எண் அது. வரிசையின் நடு இடத்துக்கு 100 என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்த வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் யார்? எந்த ஊர், எந்த மொழி, எந்த வருடத்துப் பிள்ளைகள்? எண்ணின் பொருள் முழுக்க இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டில், அதாவது வேலூரைச் சுற்றிய பகுதியில், இவற்றைக் கேட்காமல் விடவே முடியாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் உருது; சித்தூர் எல்லையை ஒட்டிய காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஊர்களில் தெலுங்கு; ஜவ்வாது மலையில் வேறொரு தமிழ். இத்தனையும் ஒரே சோதனைப் பெட்டியின் முன் வந்து உட்காருகின்றன.

வரையறையில் ஒத்துப்போகாத துறை

நுண்ணறிவு என்றால் என்ன என்பதில் உளவியலாளர்களுக்குள் முழு உடன்பாடு இருந்ததே இல்லை. 1921இல் ஓர் அமெரிக்கக் கல்வி உளவியல் இதழ் அறிஞர்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது ஆளுக்கொரு பதில் வந்தது. ஒருவர் சூழலுக்குத் தக்கபடி மாறிக்கொள்ளும் திறன் என்றார். இன்னொருவர் கருத்தளவில் சிந்திக்கும் ஆற்றல் என்றார். கற்கும் வேகம்தான் என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டு வருடம் கழித்து எட்வின் போரிங், நுண்ணறிவுச் சோதனை எதை அளக்கிறதோ அதுதான் நுண்ணறிவு என்று எழுதினார். கேலி போலத் தோன்றினாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

மருத்துவமனை அறிக்கைகளுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் டேவிட் வெக்ஸ்லரின் வரையறை: நோக்கத்தோடு செயல்படுவது, காரணகாரியத்தோடு சிந்திப்பது, சூழலைத் திறம்படச் சமாளிப்பது ஆகியவற்றை ஒட்டுமொத்தமாகக் கொண்ட திறன். இதில் மூன்றாவது அம்சம் சோதனை அறையில் ஏறக்குறைய அளக்கப்படுவதே இல்லை. அந்த ஓட்டையை அடைக்க வேறொரு அளவுகோல் பயன்படுகிறது; அது கடைசியில் வரும்.

வரையறையில் சண்டை போட்டாலும் ஒரு புள்ளிவிவரம் நூறு வருடத்துக்கும் மேலாக மாறாமல் நிற்கிறது. 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன் கவனித்தது அது. ஒரு வகைச் சோதனையில் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் மற்ற வகைச் சோதனைகளிலும் சராசரிக்கு மேலே வரும் போக்கு இருக்கிறது. சொல்வளம், கணக்கு, வடிவங்களைப் பொருத்துவது, எண்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வது எல்லாம் ஒன்றோடொன்று ஓரளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. இந்தப் பொதுக்கூறுக்கு அவர் 'ஜி' என்று பெயரிட்டார். 1938இல் தர்ஸ்டன், ஒன்று போதாது, ஏழு அடிப்படைத் திறன்கள் இருக்கின்றன என்றார். ரேமண்ட் கேட்டல் அதை இரண்டாகப் பார்த்தார்: முன்பின் பார்த்திராத சிக்கலை அவிழ்க்கும் திறன் ஒன்று, படித்தும் பழகியும் சேர்த்துவைத்த அறிவு இன்னொன்று. முந்தையது இளமையில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கும். பிந்தையது நடுவயது தாண்டியும் நிலைக்கும். 1993இல் ஜான் கேரல் நூற்றுக்கணக்கான பழைய ஆய்வுகளின் தரவைத் திரும்ப அலசி, மேலே பொதுத்திறன், நடுவில் பரந்த திறன்கள், கீழே நுணுக்கமான திறன்கள் என்று மூன்று அடுக்காக வைத்தார். இன்றைய சோதனைகள் பெரும்பாலும் இந்த அடுக்கை ஒட்டியே கட்டப்படுகின்றன.

ஹோவர்ட் கார்ட்னரின் பன்முக நுண்ணறிவு (1983), அதாவது மொழி, இசை, உடலியக்கம் என்று நுண்ணறிவுகள் பல உண்டு என்ற கருத்து, ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் மிகப் பிரபலம். ஒரு பிள்ளையைப் பல கோணத்தில் பார்க்கச் சொல்லும் பார்வையாக அது நல்லது. தனித்தனி நுண்ணறிவுகள் உண்டு என்பதற்கான அளவீட்டு ஆதாரம் மட்டும் மெலிந்தது.

மன வயதுக் கணக்கு

அளவீட்டின் தொடக்கம் பாரிஸ் பள்ளிகளில். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனம் வேண்டும் என்று கண்டறிய ஆல்ஃபிரெட் பினேவும் தியோடர் சிமோனும் 1905இல் 30 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். 1908 திருத்தத்தில் கேள்விகளை வயதுவாரியாக அடுக்கினார்கள். பிள்ளை எந்த வயதுக்கான கேள்விகள் வரை முடிக்கிறதோ அதுதான் அதன் மன வயது என்ற கருத்து அங்கேதான் நிலைபெற்றது. பிறவியிலேயே அமைந்து மாறாத ஒன்றை அளக்கிறோம் என்று பினே சொல்லவில்லை. மன வயதைக் கால வயதால் (பிறந்த தேதிப்படியான வயதால்) வகுத்து ஈவு எடுப்பது 1912இல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் செய்தது. அதை நூறால் பெருக்கி ஐ.க்யூ. என்று பரப்பியது 1916இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன்.

இந்த முறை நம் நாட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய பம்பாய் மாகாணத்தில் கன்னடமும் மராத்தியும் பேசும் பிள்ளைகளுக்காக வி. வி. காமத் 1930களில் தழுவி எடுத்த பினே–காமத் சோதனைதான் அது. கணக்கு இப்படிப் போகும். ஒரு வயதுக்கு 6 கேள்விகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 மாத மதிப்பு. 9 வயது 4 மாதப் பையன் ஒருவன் 6 வயதுக் கேள்விகள் அனைத்தையும் முடிக்கிறான். அது அவனுடைய அடிப்படை வயது. 7 வயது அடுக்கில் நான்கு சரி: 8 மாதம். 8 வயது அடுக்கில் இரண்டு சரி: 4 மாதம். 9 வயது அடுக்கில் ஒன்றும் இல்லை, அங்கே நிறுத்தவேண்டும். கூட்டினால் மன வயது 7 ஆண்டு, அதாவது 84 மாதம். கால வயது 112 மாதம். 84ஐ 112ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 75.

இந்தக் கணக்கைக் கெடுக்கும் முதல் விஷயம் பிறந்த தேதி. ஜூனில் பள்ளியில் சேர்க்க வயது போதவில்லை என்று 10 மாதம் கூட்டி எழுதியிருந்தால் உண்மையான கால வயது 102 மாதம்தான். ஈவு 82 ஆகிவிடும். பிள்ளை மாறவில்லை, பதில்கள் மாறவில்லை, 7 புள்ளி நகர்ந்துவிட்டது. ஆதார் அட்டையும் பள்ளிச் சான்றும் சொல்கிற தேதியை அப்படியே எழுதிக்கொள்ளாமல், தீபாவளிக்கு முன்னால் பிறந்ததா பின்னாலா, ஆடியிலா தையிலா என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். பிரசவம் நடந்த இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சிக்கல் முறையிலேயே இருக்கிறது. மன வயது ஏதோ ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிடும். கால வயது ஏறிக்கொண்டே போகும். அப்படியே வகுத்தால் 40 வயதுக்காரர் எல்லோரும் மந்தமாகிவிடுவார்கள். தவிர, ஒவ்வொரு வயதிலும் மதிப்பெண்கள் சிதறும் அளவு வேறுவேறு என்பதால் 6 வயதில் வந்த 75ம் 12 வயதில் வந்த 75ம் வரிசையில் ஒரே இடத்தைக் குறிக்கும் என்று சொல்ல முடியாது.

1939இல் வெக்ஸ்லர் வகுத்தலைக் கைவிட்டார். ஒரு வயதுப் பிரிவினரின் சராசரியை 100 என்றும், திட்ட விலக்கத்தை (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவை) 15 என்றும் வைத்துக்கொண்டால் போதும். 9 வயதுக்காரர்களின் சராசரி கச்சா மதிப்பெண் (விடைகளுக்குப் போட்ட மதிப்பெண்ணின் நேர்க் கூட்டல்) 30, திட்ட விலக்கம் 6 என்று கொள்வோம். 24 எடுத்த பிள்ளை ஒரு விலக்கம் கீழே நிற்கிறது: ஐ.க்யூ. 85. 18 எடுத்தால் இரண்டு விலக்கம் கீழே: 70. மக்களில் ஏறக்குறைய 68 சதவீதம் பேர் 85க்கும் 115க்கும் நடுவில் வருவார்கள்; 70க்குக் கீழே வருபவர்கள் சுமார் 2 சதவீதம். 70 என்ற கோடு வந்ததும் இப்படித்தான். மூளையை ஆராய்ந்து கண்ட எல்லை என்று அதை நினைக்கவேண்டாம். புள்ளியியல் வசதிக்காகப் போட்ட கோடு.

எண்ணுக்கு ஒரு தடுமாற்ற அளவும் உண்டு. நம்பகத்தன்மை (திரும்ப எடுத்தாலும் ஏறக்குறைய அதே எண் வரும் தன்மை; 1 என்றால் முழுமை) 0.95 உள்ள நல்ல சோதனையிலேயே அளவீட்டுப் பிழை 3 புள்ளிக்கு மேல். 95 சதவீத உறுதியோடு சொல்லவேண்டுமென்றால் இருபுறமும் 6, 7 புள்ளி விடவேண்டும். அதாவது 75 என்று எழுதியிருந்தால் 68க்கும் 82க்கும் நடுவில் எங்கோ என்று படிக்கவேண்டும். இந்த வீச்சை எழுதாத அறிக்கை முழுமையானது அல்ல. கேட்டு வாங்கலாம்.

சோதனை அறையில்

பெட்டியைத் திறக்கும் முன்பே பாதி வேலை இருக்கிறது. காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்பது முதலில். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு வாய்வழிக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது வீண். வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் போன்ற மருந்து எடுக்கும் பிள்ளையின் வேகம் குறையலாம். முந்தைய நாள் வலிப்பு வந்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடவேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு வந்து, டோக்கன் போட்டு 12 மணிவரை காத்திருந்த பிள்ளையிடம் உடனே சோதனையைத் தொடங்கினால் அளக்கப்படுவது களைப்புதான். இரண்டு இட்லி சாப்பிடவைத்து, அரை மணி விளையாடவிட்டுத் தொடங்கலாம். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வதிலும் தவறில்லை.

தாய் அறைக்கு வெளியே இருக்கவேண்டும். பிள்ளை அழுதால் பின்னால், பார்வையில் படாமல் உட்காரலாம். 'சொல்லு கண்ணு, நேத்து வீட்ல சொன்னியே' என்ற ஒரு வரி போதும், அந்தக் கேள்வி கெட்டது. கேள்வியைக் கையேட்டில் உள்ளபடியே கேட்கவேண்டும். சரி, தப்பு என்று சொல்லக்கூடாது. முயற்சியைப் பாராட்டலாம், விடையைப் பாராட்டக்கூடாது. ஸ்டாப்வாட்சை மேசைமேல் பிள்ளை கண்ணில் படும்படி வைத்தால் சில பிள்ளைகள் கட்டையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை தொடர் தவறுகளுக்குப் பிறகு நிறுத்துவது என்ற விதி ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கிறது. அவசரத்தில் அதற்கு முன்பே நிறுத்துவதுதான் கூட்டம் அதிகமான முகாம்களில் அடிக்கடி நடக்கும் பிழை. அடுத்த கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கக்கூடும். கேட்காத கேள்விக்குச் சுழியம் விழுகிறது.

சாதனங்களையும் பார்க்கவேண்டும். செகுவின் பலகையில் பத்து மரக்கட்டைகளை அதனதன் குழியில் போடவேண்டும். மூன்று முறை செய்யவைத்து மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். மொழி வேண்டாம், பத்து நிமிடத்தில் முடியும் என்பதால் முகாம்களில் இதற்கு மவுசு. ஆனால் நேரம்தான் மதிப்பெண். கட்டை ஈரத்தில் உப்பியிருந்தாலோ, ஓரம் தேய்ந்திருந்தாலோ கணக்கு மாறும். ஒரு பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ஐ.க்யூ. எழுதுவது கூடாது. முதல்நிலைத் தேர்வுக்கு மட்டுமே அது.

மதிப்பெண் போடுவதில் ஒற்றுமைக் கேள்விகள் சுவாரசியமானவை. அசல் கேள்விகளை அச்சில் போடக்கூடாது. போட்டால் சோதனையே பாழாகிவிடும். அதனால் இங்கே ஒரு கற்பனைக் கேள்வி: முள்ளு கத்தரிக்காய்க்கும் முருங்கைக்காய்க்கும் என்ன ஒற்றுமை? 'ரெண்டும் காய்கறி' என்றால் 2. 'ரெண்டையும் சாம்பார்ல போடுவாங்க' என்றால் 1. 'கத்தரிக்காயில முள்ளு இருக்கும்' என்றால் 0. இலவம்பாடிப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்தக் கத்தரிக்காயைப் பற்றித் தேர்வாளரைவிட அதிகம் தெரிந்திருக்கும். எப்போது பறிப்பது, எந்த மண்டியில் என்ன விலை என்றுகூடச் சொல்லும். மதிப்பெண் வகைப்படுத்தும் விடைக்குத்தான். அலெக்சாந்தர் லூரியா 1931–32இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களில் இதையே கண்டார். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை நான்கில் சேராதது எது என்று கேட்டால், பள்ளி பார்க்காத விவசாயிகள் எல்லாம் சேர்ந்தவைதான், கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை என்றார்கள். கொஞ்சம் பள்ளிக்குப் போனவர்கள் கட்டையை ஒதுக்கினார்கள். பொருளை அது பயன்படும் இடத்திலிருந்து பிரித்து ஒரு வகைக்குள் வைப்பது பெருமளவு பள்ளி கற்றுத்தரும் பழக்கம். அதை அளக்கவேண்டாம் என்று சொல்லமுடியாது, ஏனென்றால் பள்ளியில் தேவைப்படுவது அதுதான். ஆனால் அதைப் பிறவித் திறன் என்று அறிக்கையில் எழுதக்கூடாது.

எந்த மொழியில் கேட்டோம்?

இந்தியாவில் அதிகம் பயன்படும் குழந்தைச் சோதனைகளில் ஒன்று மாலின் அளவுகோல். வெக்ஸ்லரின் சிறுவர் சோதனையை நாக்பூரில் ஆர்தர் மாலின் தழுவி 1969இல் வெளியிட்டது. 6 வயதிலிருந்து 15 வயது 11 மாதம் வரை. தகவல், புரிதல், கணக்கு, ஒற்றுமை, சொல்வளம், எண் நினைவு என்று ஆறு வாய்வழிப் பகுதிகள். படத்தில் விடுபட்டதைக் காண்பது, கட்டை அமைப்பு, துண்டுகளைச் சேர்ப்பது, குறியீடு எழுதுவது, புதிர்வழி என்று ஐந்து செயல்வழிப் பகுதிகள். இரண்டுக்கும் தனித்தனி ஈவு எடுத்து, கூட்டி இரண்டால் வகுப்பது மொத்த ஐ.க்யூ.

இப்போது பேரணாம்பட்டில் வீட்டில் உருது பேசி, தமிழ் வழியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். வாய்வழி ஈவு 70, செயல்வழி ஈவு 96 என்று வருகிறது. மொத்தம் 83. இந்த 83 யாரையும் குறிக்கவில்லை. கட்டைகளை அடுக்கும்போது அவள் சராசரிப் பிள்ளை. தமிழில் கேள்வி கேட்டால் தடுமாறுகிறாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் 'மெல்லக் கற்பவர்' என்று போட்டுவிட்டால் பள்ளி அதையே பிடித்துக்கொள்ளும். செய்யவேண்டியது: வாய்வழிப் பகுதியை உருது தெரிந்த தேர்வாளரிடம் திரும்பக் கொடுப்பது, அல்லது அதை ஒதுக்கிவிட்டுச் சொல் தேவைப்படாத சோதனை வைப்பது. ராவனின் வண்ண வடிவத் தொடர் (மூன்று தொகுதி, 36 கேள்வி) சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தும். 11 வயதுக்கு மேல் பாட்டியாவின் ஐந்து செயல்வழிச் சோதனைகள் உண்டு, சி. எம். பாட்டியா உத்தரப் பிரதேசத்தில் உருவாக்கி 1955இல் வெளியிட்டவை. மொழி ஆளைச் சிக்கவைக்கும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. பள்ளி பார்த்தவர், பாராதவர் என்று தனித்தனியாக ஒப்பீட்டு அட்டவணை வைத்த அரிதான இந்தியச் சோதனைகளில் அது ஒன்று.

அண்ணனையோ ஆயாவையோ உட்காரவைத்து அங்கேயே மொழிபெயர்க்கச் சொல்வது மிக மோசமான வழி. மொழிபெயர்ப்பவர் விடைக்கான துப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் கேட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்கவேண்டாம். கொல்லை என்றால் தஞ்சாவூரில் வீட்டுப் பின்புறம். இங்கே அது மானாவாரி நிலம். கொல்லையில் என்ன இருக்கும் என்ற கேள்விக்கு வட ஆற்காட்டுப் பிள்ளை கேழ்வரகு, வேர்க்கடலை என்று பதில் சொன்னால் அது சரியான பதில். விடைத்தாள் தயாரித்தவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும். வார்த்தைகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. இந்தப் பகுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்து, கேள்விகள் கடினத்தின் வரிசையில் அதே இடத்தில் நிற்கின்றனவா என்று சோதித்து, ஒப்பீட்டு அட்டவணையைப் புதிதாகக் கட்டவேண்டும். செலவும் காலமும் பிடிக்கும் வேலை அது. அதனால்தான் எல்லோரும் குறுக்குவழியில் மொழிபெயர்ப்போடு நின்றுவிடுகிறார்கள்.

பழைய வரிசை

1969இல் நின்ற வரிசையில் இன்றைய பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்? ஜேம்ஸ் ஃப்ளின் 1984இலும் 1987இலும் வெளியிட்ட ஆய்வுகள் பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை கச்சா மதிப்பெண் ஏறிவருவதைக் காட்டின. அமெரிக்காவில் பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளி. கூடுதல் பள்ளிப்படிப்பு, சத்துணவு, சிறிய குடும்பம் என்று காரணங்கள் பல. பழைய அட்டவணையை வைத்து அளந்தால் இன்றைய பிள்ளைகளின் ஈவு உப்பித் தெரியும். உதவி தேவைப்படும் பிள்ளை 78 என்று வந்து கோட்டுக்கு மேலே போய்விடும் ஆபத்து இதில் இருக்கிறது. அறிக்கையில் சோதனையின் பெயரோடு அது எந்த வருடத்து ஒப்பீடு என்றும் எழுதச்சொல்வது இதனால்தான்.

பள்ளிப்படிப்பின் பங்கு சிறியதல்ல. 2018இல் ஸ்டூவர்ட் ரிச்சியும் எலியட் டக்கர்-டிராபும் 6 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரு வருடக் கூடுதல் படிப்பு 1 முதல் 5 ஐ.க்யூ. புள்ளி வரை சேர்க்கிறது என்று வந்தது. கொரோனாவால் தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2020 மார்ச்சிலிருந்து 2021 அக்டோபர் முடிய வகுப்பறைகள் மூடிக்கிடந்தன. அந்தக் காலத்தில் எழுத்தறிமுகம் ஆகவேண்டிய வயதிலிருந்த பிள்ளைகளின் ஈவைப் படிக்கும்போது இதை மறந்துவிடக்கூடாது.

வேலூரிலேயே நடந்த ஒரு நீண்ட ஆய்வு இங்கே பேசப்படவேண்டியது. எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் பிறப்புத் தொகுதி ஆய்வின் இந்திய மையம் வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் 251 குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தது. முதல் ஆண்டுகளில் உயரம் குன்றி, பிறகும் அப்படியே இருந்த பிள்ளைகளின் சோதனை மதிப்பெண் பள்ளி வயதில் சராசரியாகக் குறைந்திருந்தது. சராசரி என்பதைக் கவனிக்கவேண்டும். குட்டையான ஒரு பிள்ளையைப் பார்த்து அதன் ஈவைச் சொல்ல இந்த ஆய்வு உரிமம் தரவில்லை. முதல் இரண்டு வருடச் சாப்பாடும் நோயும் வரிசையில் நிற்கும் இடத்தைப் பாதிக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது.

சான்றிதழுக்கு வரும்போது

1970களுக்கு முன்பு பல நாடுகளில் ஐ.க்யூ. ஒன்றை வைத்தே தலையெழுத்தைத் தீர்மானித்தார்கள். இப்போது அப்படியில்லை. அறிவுசார் குறைபாடு என்று சொல்ல மூன்று வேண்டும்: சிந்தனைத் திறனில் குறை, அன்றாட வாழ்க்கையைச் சமாளிப்பதில் குறை, இரண்டும் வளரும் பருவத்திலேயே தொடங்கியிருப்பது. 2013இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு, குறையின் தீவிரத்தை ஐ.க்யூ.வை விட்டுவிட்டு வாழ்க்கைத் திறனை வைத்தே வகைப்படுத்தச் சொல்கிறது.

நம் நாட்டில் அதற்குப் பயன்படுவது வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்தியத் தழுவல். இதுவும் மாலின் செய்ததே. 89 அம்சங்கள். பிள்ளையைக் கேட்பதில்லை, தாயையோ வளர்ப்பவரையோ கேட்பார்கள். தானே சாப்பிடுகிறதா, பொத்தான் போடுகிறதா, தெருவில் தனியாகப் போய் வருகிறதா, கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குகிறதா என்ற மாதிரி. வரும் சமூக வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் சமூக ஈவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ் 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறை, இந்த ஈவு 55–69 என்றால் 50 சதவீதக் குறைபாடு, 36–54 என்றால் 75 சதவீதம், 21–35 என்றால் 90 சதவீதம், அதற்கும் கீழே 100 சதவீதம் என்று வகுத்தது. 70–84க்கு 25 சதவீதம். சலுகைகளுக்கான எல்லை 40 சதவீதம் என்பதால் 69க்கும் 70க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் உதவித்தொகையே தொங்குகிறது. நெறிமுறை 2024இல் திருத்தப்பட்டது; விண்ணப்பிக்கும் முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

நேர்காணலில் தவறு நேரும் இடங்கள் தெரிந்தவையே. மகன் தானே குளிக்கிறானா என்று கேட்டால், 'நான்தாங்க ஊத்திவிடறேன்' என்பார் தாய். முடியாததால் ஊற்றுகிறாரா, நேரமில்லாததால் ஊற்றுகிறாரா என்று அடுத்துக் கேட்கவேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிகொண்டா, மாதனூர் மாதிரி ஊர்களில் பத்து வயதுப் பிள்ளையைச் சாலை தாண்டிக் கடைக்கு அனுப்பாதது வளர்ச்சிக் குறை ஆகாது. அது பெற்றோரின் புத்தி. வாய்ப்பே தராத செயலை முடியாத செயலாகக் குறித்துவிட்டால் ஈவு இறங்கும். மறுபக்கம், பிள்ளை எல்லாம் செய்யும் என்று மானத்துக்காகக் கூட்டிச் சொல்லும் குடும்பமும் உண்டு, சான்றிதழ் வேண்டும் என்று குறைத்துச் சொல்லும் குடும்பமும் உண்டு. வகுப்பாசிரியரிடமோ வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடமோ தனியாக விசாரித்து ஒப்பிட்டால் பெரும்பாலும் உண்மை வெளிவரும்.

ஐந்து வயதுக்குக் கீழே ஐ.க்யூ. எண் கேட்டு வற்புறுத்தவேண்டாம். அந்த வயதில் பொது வளர்ச்சித் தாமதம் என்றுதான் எழுதுவார்கள், அதுவே சரி. சிறு வயதில் எடுக்கும் மதிப்பெண் வருடத்துக்கு வருடம் தாவும்.

இன்னொன்று, விரல் ரேகையைப் பதிவுசெய்து பிள்ளையின் நுண்ணறிவு வகைகளைச் சதவீதத்தில் சொல்லும் 'டி.எம்.ஐ.டி.' என்ற வியாபாரம் தனியார் பள்ளிகளில் சுற்றுகிறது. கார்ட்னரின் பட்டியலை எடுத்து ரேகையோடு ஒட்டவைத்தது அது. ரேகைக்கும் நுண்ணறிவுக்கும் அப்படிப்பட்ட தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் கிடையாது. மேலே சொன்ன எதையும் அதில் கேட்கமுடியாது: ஒப்பீட்டுக் கூட்டம் யார், பிழை வீச்சு எவ்வளவு, திரும்ப எடுத்தால் அதே விடை வருமா? கைபேசியில் வரும் பத்து நிமிட ஐ.க்யூ. சோதனைகளும் இதே ரகம்.

மறுசோதனை எடுப்பவர்கள் ஒரே சோதனையை ஒரு வருடத்துக்குள் திரும்ப எடுக்கக்கூடாது. பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும், குறிப்பாகக் கட்டை அடுக்கும் பகுதியில். முதல் அறிக்கையை மறைத்துவிட்டு வேறு இடத்தில் போய் எடுப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. இரண்டு எண்ணும் வேறாக வந்தால் எது உண்மை என்று குழம்புகிறார்கள். பழைய அறிக்கையின் நகல், பிறந்த தேதிக்கான மருத்துவமனைச் சீட்டு, காது–கண் பரிசோதனை முடிவு, தைராய்டு பார்த்திருந்தால் அதன் அறிக்கை, நடப்பு மருந்துச் சீட்டு, இரண்டு பாடத்தின் நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டுபோகவேண்டும். சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்றவரா என்று பதிவெண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். அறிக்கையில் மொத்த எண்ணோடு பகுதிவாரி மதிப்பெண், பிழை வீச்சு, சோதனை நடந்த மொழி, அன்று பிள்ளை ஒத்துழைத்ததா என்ற குறிப்பு நான்கும் இருக்கும்படி கேட்டு வாங்கவேண்டும். பள்ளிக்குக் கொடுக்கும் நகலில் பகுதிவாரி மதிப்பெண் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சிறப்பாசிரியருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.